கார்டு அசல் என்கிறது முத்திரை: எதைப் பார்த்துச் சொல்கிறது?

2022 ஜனவரியில் யூடியூபர் லோகன் பால் ஒரு பெட்டியைப் பிரித்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் மறந்திருக்காது. போக்கிமான் சேகரிப்புக் கார்டுகளின் முதல் பதிப்பு பூஸ்டர் பெட்டிகள் (பிரிக்காத கார்டுப் பாக்கெட்டுகள் அடுக்கிய பெட்டிகள்) ஆறு உள்ளே இருப்பதாகவும், ஆலையில் ஒட்டிய ஒட்டுப் பிரியாமல் அப்படியே கிடந்ததாகவும் சொல்லி 35 லட்சம் டாலருக்கு அவர் கைக்கு வந்த பெட்டி அது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பிரிக்காத பெட்டிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனம் அதைப் பார்த்து அசல் என்று சொல்லியிருந்தது. வாங்கிய பிறகு ரசிகர்கள் பக்கமிருந்து சந்தேகம் கிளம்பியதும் அந்த நிறுவனத்தாரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு வரிசைக் கார்டுகள். பிக்காச்சுவும் இல்லை, சாரிசார்டும் இல்லை.

சான்று கொடுத்தவர்கள் பார்த்தது மூடிய பெட்டியின் வெளிப்பக்கத்தை. வாங்கியவர் பணம் கொடுத்தது உள்ளே இருப்பதற்கு. இந்த இடைவெளியைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறேன், ஏனென்றால் இணையத்தில் கார்டு வாங்குகிற பலருக்கு இப்படி ஒரு இடைவெளி இருப்பதே தெரியவில்லை, தெரியாததால்தான் பணத்தை விடுகிறார்கள்.

ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது அசலா?’ என்று கேட்டால் அந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அச்சடித்தது உரிமையுள்ள நிறுவனம்தானா? அச்சான பிறகு யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா, அதாவது ஓரத்தை வெட்டி, வண்ணம் பூசி, மடிப்பை அழுத்தி எடுத்து? இப்போது எந்த நிலையில் இருக்கிறது? விற்பவர் படத்தில் காட்டிய அதே கார்டுதான் பார்சலில் வந்திருக்கிறதா? நான்கையும் சோதிக்கும் முறை வேறு வேறு, தவறு நடக்கும் இடமும் வேறு வேறு. முத்திரை மட்டும் ஒன்றுதான். அந்த ஒன்றைப் பார்த்ததும் நான்குக்கும் பதில் வந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாம் தரப்பு ஒன்று எதற்குத் தேவைப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நேரில் வாங்கினால் கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கலாம், விரலால் ஓரத்தைத் தடவலாம். படத்தில் அது முடியாது. மேற்பரப்பில் உள்ள கீறல் நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. விற்பவருக்கும் அவர் பக்கத்துப் பயம் இருக்கிறது: நல்ல கார்டை அனுப்பினால், வாங்கியவர் தன்னிடமிருந்த போலியையோ மடங்கியதையோ திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேட்டால் என்ன செய்வது? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அதனால் இரண்டு பேரும் நம்பக்கூடிய மூன்றாவது ஆள் வேண்டும்.

இந்த யோசனை நாணயங்களிலிருந்து வந்தது. 1986இல் அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் நாணயங்களைச் சோதித்து, தரத்துக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து விற்பனைக்கு அனுப்ப ஆரம்பித்தது. அதே ஆட்கள் 1991இல் கார்டுகளுக்காக பி.எஸ்.ஏ. தொடங்கினார்கள். இப்போது எல்லோரும் ஸ்லாப் என்று சொல்கிற, மீயொலி கொண்டு ஓரங்களை உருக்கி ஒட்டிய கெட்டி பிளாஸ்டிக் கூடு, அதன் தலையில் ஒரு லேபிள், லேபிளில் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், ஒரு சான்று எண். இந்த வடிவம் பெரிய மாற்றம் இல்லாமல் இன்றுவரை வந்திருக்கிறது. 1999இல் பெக்கெட் நிறுவனமும் கிரேடிங்கில், அதாவது இப்படித் தரம் பார்த்து மதிப்பெண் போடும் தொழிலில், இறங்கி, மையம், மூலை, ஓரம், மேற்பரப்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவதைப் பழக்கமாக்கியது. காமிக்ஸில் பேர் வாங்கிய சி.ஜி.சி. 2020இல் கார்டுகளுக்கு வந்தது.

பி.எஸ்.ஏ. கிரேடு செய்த முதல் கார்டு எது என்று தெரிந்தால் கொஞ்சம் உட்கார்ந்துதான் யோசிக்க வேண்டியிருக்கும். 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்து வெளியான டி206 வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டு அது. 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து அதை ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு 8 மதிப்பெண் கொடுத்தது. சிகரெட்டோடு உரசிக் கிடந்த எண்பது வயதுக் கார்டுக்கு நம்பமுடியாத மதிப்பெண். ஓரங்கள் கத்தி போலக் கூராக இருப்பதைப் பற்றி வருடக்கணக்கில் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் கூட்டுக்குள் போய்விட்ட கார்டை யார் அளப்பது? 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், அந்தக் கார்டை 1980களில் வாங்கி விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, பக்கவாட்டு ஓரங்களைத் தானே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு எண் மதிப்பெண் கிடையாது என்பது கிரேடிங்கின் அடிப்படை விதி. அப்படியிருந்தும் இந்தத் தொழிலின் முதல் சான்றே அப்படி ஒரு கார்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொல்வது யாரையும் கீழே இறக்குவதற்கு இல்லை. அந்த வாக்னர் அச்சளவில் முழுக்க அசல், 1909ஆம் வருடத்து மை, 1909ஆம் வருடத்துத் தாள். முதல் கேள்விக்குப் பதில் சரி, இரண்டாவதற்குத் தவறு. போலியைக் கண்டுபிடிப்பதை விட, அசலில் யாரோ கைவைத்ததைக் கண்டுபிடிப்பது எப்போதும் கடினம்.

போலியைப் பிடிப்பது எப்படி என்று பார்த்தால் அது புரியும். ஒரு லூப், அதாவது நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே அந்தச் சின்ன உருப்பெருக்கி, 30 மடங்கு பெரிதாக்குவது கிடைத்தால் போதும். அசல் கார்டு ஆஃப்செட் முறையில் அச்சாகிறது. லூப் வழியாகப் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, சின்னச் சின்னப் பூக்கள் மாதிரி ஒழுங்காக அடுக்கியிருக்கும். கறுப்பு எழுத்து அந்தப் புள்ளிகளின் மேல் தனியாகப் பதிந்த திடமான மையாக இருக்கும், எழுத்தின் விளிம்பு பிசிறு இல்லாமல் இருக்கும். போலி பெரும்பாலும் அசலை ஸ்கேன் செய்து அச்சடித்தது. அதனால் எழுத்தே புள்ளிகளாக உடைந்து நிற்கும், விளிம்பில் மஞ்சளும் சிவப்பும் கசியும். ‘மேஜிக்’ என்ற கார்டு விளையாட்டின் கார்டுகளை வைத்திருப்பவர்கள் பின்பக்கம் உள்ள ஐந்து நிற வட்டங்களில் பச்சை வட்டத்தை லூப்பில் பாருங்கள். அசலில் நான்கு சின்னச் சிவப்புப் புள்ளிகள் ‘எல்’ எழுத்து வடிவில் நிற்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாக அங்கேதான் போகும். பழைய கார்டுகளுக்குப் புற ஊதா விளக்கு உதவும். இன்றைய காகிதத்தில் கலக்கிற வெண்மையூட்டி அந்த விளக்கில் நீலமாக ஒளிரும், 1940களுக்கு முந்தைய காகிதத்தில் அந்தப் பொருளே கிடையாது. 1910ஆம் வருடக் கார்டு விளக்கில் பளீரென்று மின்னினால் பேச்சே வேண்டாம்.

இதெல்லாம் போலிக்கு எதிரான சோதனைகள். ஓரத்தை அரை மில்லிமீட்டர் வெட்டிய அசல் கார்டு இவை எல்லாவற்றிலும் தேறிவிடும். பூ இருக்கும், எழுத்து கூராக இருக்கும், தாள் ஒளிராது. அங்கே பார்க்க வேண்டியது அளவு, வெட்டு விளிம்பின் சாய்வு, நூறு வருட ஓரத்துக்கு இருக்க வேண்டிய பழுப்பும் மழுங்கலும் இருக்கிறதா என்பது. இதற்கு அனுபவப்பட்ட கண்ணும் நிதானமும் வேண்டும். ஆலையிலேயே சில வரிசைகள் கொஞ்சம் சிறிதாக வெட்டப்பட்டு வந்திருக்கும் என்பதால் ஸ்கேலை வைத்து மட்டும் முடிவு சொல்லவும் முடியாது. 2019இல் வெட்டிய, சுத்தம் செய்த கார்டுகள் நூற்றுக்கணக்கில் நல்ல மதிப்பெண்ணோடு ஸ்லாபுக்குள் இருப்பது வெளியே வந்தது. எப்படி வந்தது? சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களைத் தோண்டி எடுத்து, அதே கார்டு முன்பு குறைந்த மதிப்பெண்ணோடு விற்றதையும் பிறகு கூடுதல் மதிப்பெண்ணோடு விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அச்சில் விழுந்த ஒரு சின்னப் புள்ளி, மையின் ஒரு சொட்டு, அது இரண்டு படத்திலும் ஒரே இடத்தில். ஓரம் மட்டும் மாறியிருந்தது.

சரி, ஈபே போன்ற விற்பனைத் தளங்கள் செய்வது என்ன? இது கிரேடிங் இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈபே 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 750 டாலருக்கு மேல் விற்கும் கிரேடு செய்யாத ஒற்றைக் கார்டுகளுக்குச் சான்று ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த வருடமே வரம்பை 250 டாலருக்கு இறக்கி, கிரேடு செய்தவற்றையும் சேர்த்தது. விற்பவர் கார்டை வாங்கியவருக்கு அனுப்புவதில்லை, சோதனை மையத்துக்கு அனுப்புகிறார். அங்கே கார்டு அசல்தானா, விளம்பரத்தில் சொன்ன தலைப்பும் படமும் நிலையும் இதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கியவருக்கு அனுப்புகிறார்கள். பொருந்தாவிட்டால் திரும்பிப் போய்விடும். அதாவது முதல் கேள்வியும் நான்காவது கேள்வியும்தான் இதில் முக்கியம். மதிப்பெண் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உண்மையாகவே பிடித்த பகுதி யாரும் அதிகம் பேசாத ஒன்று. வாங்கியவர் கார்டைத் திருப்பினால் அதுவும் அதே மையத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அனுப்பிய கார்டுதான் திரும்பி வந்திருக்கிறதா என்று அங்கே ஒப்பிட்டுவிட்டுத்தான் விற்றவரிடம் போகும். கார்டை மாற்றிப்போட்டுத் திருப்பும் ஏமாற்றில் அடிபட்ட விற்பனையாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் தரப்பு என்றால் வாங்குபவரின் காவலாள் என்றே எல்லோரும் நினைக்கிறோம், விற்பவருக்கும் அதே அளவு காவல் வேண்டியிருக்கிறது.

இனி ஸ்லாபுக்கு வருவோம். முத்திரைக்கு மதிப்பு வந்த அன்றே முத்திரையைப் போலி செய்கிறவனும் வந்துவிட்டான். கார்டைப் போலி செய்வதை விட இது சுலபம். மதிப்பெண் 6 வாங்கவேண்டிய ஒரு அசல் மைக்கேல் ஜோர்டன் 1986 ஃப்ளீர் கார்டை எடுத்து, போலிக் கூட்டில் வைத்து, 10 என்று லேபிள் அச்சடித்தால் விலை பல மடங்கு ஏறிவிடும். லூப்பை வைத்துக் கார்டைச் சோதித்தாலும் பூக்கள் சரியாகவே இருக்கும், ஏனென்றால் கார்டு அசல். பொய் இருப்பது பிளாஸ்டிக்கில். 2024 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பேர் மேல் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு இப்படிப்பட்டதுதான்: போலியான கிரேடிங் கூடுகளில் கார்டுகளை வைத்து விற்று 20 லட்சம் டாலருக்கு மேல் மோசடி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். எண் சரியாகத்தான் வரும், ஏனென்றால் உண்மையான ஒரு ஸ்லாபின் எண்ணைத்தான் பார்த்து எழுதியிருப்பார்கள். எனக்கே நடந்தது. ஒரு ஹோலோ கார்டு, அதாவது படப்பகுதி பளபளக்கும் கார்டு, 9 மதிப்பெண், எண்ணைத் தட்டினேன், பெயர், வருடம், மதிப்பெண் எல்லாம் பொருந்தியது. நல்ல வேளையாக அந்த எண்ணுக்கு நிறுவனம் எடுத்த படமும் தளத்தில் இருந்தது. முதலில் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்புறம் ஹோலோ பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹோலோ தாளில் சுழிபோல ஒரு வடிவம் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்திருக்கும், அது ஒவ்வொரு கார்டிலும் வேறு இடத்தில் வெட்டுப்படும். தளத்துப் படத்தில் சுழி பெயருக்குக் கீழே இருந்தது. என் கையில் இருந்ததில் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இருந்தது. இடது கீழ் மூலையில் படத்தில் தெரிந்த ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளியும் என்னிடம் இருந்த கார்டில் இல்லை. வேறு கார்டு! விற்றவரிடம் இரண்டு படத்தையும் அனுப்பினேன், பணத்தை வாங்கப் பதினெட்டு நாள் ஆனது.

அதனால் எண் பொருந்துகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், படம் பொருந்துகிறதா என்று பாருங்கள். படம் இல்லாத பழைய ஸ்லாப் என்றால், அதே எண்ணோடு வேறு எங்காவது ஏலத்தில் விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே எண் ஒரே சமயம் இரண்டு இடத்தில் விற்பனைக்கு இருந்தால் குறைந்தது ஒன்று போலி. கூட்டின் ஓரத்தில் ஒட்டிய இடம் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, பிசின் தடம் தெரிந்தாலோ, யாரோ பிளந்து மறுபடி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பணம் எங்கே ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேடிங் நிறுவனத்துக்குக் காசு கொடுப்பவர் கார்டை அனுப்புகிறவர், அவர் பெரும்பாலும் விற்கப்போகிறவர். கார்டின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எழுதும் மதிப்பெண்ணே மதிப்பைத் தீர்மானிக்கும்போது, அந்த மதிப்பெண்ணை எழுதுகிறவருக்கே அதிகக் கட்டணமும் போய்ச்சேருவது ஆரோக்கியமான அமைப்பு இல்லை என்பது என் கருத்து. தவறு நடந்தால் வித்தியாசத்தைக் கொடுப்போம் என்ற உத்தரவாதம் இருக்கிறது, அதுதான் இந்தத் தொழிலை நேராக வைத்திருக்கிற ஒரே கயிறு. ஆகவே ஒரு சான்று நிறுவனத்தை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது உத்தரவாதப் பக்கத்தைத்தான். தவறினால் யார் பணம் கொடுப்பார்கள், எவ்வளவு வரை, எதற்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வேகமும் ஒரு பிரச்சினை. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் பரணில் கிடந்ததை எடுத்து அனுப்ப ஆரம்பித்ததில், 2021 மார்ச் கடைசியில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளுக்குக் கார்டு வாங்குவதையே நிறுத்தவேண்டி வந்தது, தேங்கிக் கிடந்தவை ஒரு கோடிக்கும் மேல். அவ்வளவையும் மனிதக் கண்தான் பார்க்கவேண்டும். ஒரு கார்டுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். போட்டியும் குறைந்துகொண்டே வருகிறது: பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே 2024இல் போட்டி நிறுவனமான எஸ்.ஜி.சி.யையும் வாங்கியது, அதே வருடம் ஈபேயின் கார்டுப் பெட்டகமும் அதன் பக்கம் வந்தது. சோதிப்பது, மதிப்பெண் போடுவது, பத்திரமாக வைப்பது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் போவதில் வசதி இருக்கிறது, மாற்றுக் கருத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

2025 தொடக்கத்தில் வெளியான போக்கிமான் மாதிரிக் கார்டு விவகாரம் இந்த நான்கு கேள்விகளுக்கும் மேலே ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது: இது எப்போது செய்யப்பட்டது? 1996இல் முதல் கார்டுகள் கடைக்கு வருமுன், விளையாட்டைச் சோதித்துப் பார்க்கக் கையால் வெட்டிச் செய்த மாதிரிகள் என்ற பெயரில் கார்டுகள் சந்தைக்கு வந்தன. விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரிடமிருந்தே வந்தவை என்பது அவற்றின் பூர்வீகம். சி.ஜி.சி. அவற்றுக்குச் சான்று கொடுத்தது, விலை பல்லாயிரம் டாலர் வரை போனது. அலுவலக பிரிண்டரில் அச்சடித்த மாதிரி என்பதால் ஆஃப்செட் பூ இருக்காது, கறுப்பு மை தனியாக நிற்காது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு அசலும் இல்லை. லூப்பால் ஒன்றும் சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு மட்டும்தான் ஆதாரம்.

சேகரிப்பாளர் ஒருவர் அந்தக் கார்டுகளின் ஸ்கேனை எடுத்து, நிறங்களைப் பிரித்து நீல அலைவரிசையை மட்டும் வைத்துப் பார்த்தார். வண்ண லேசர் பிரிண்டர்கள் பலவும் தாளில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய மஞ்சள் புள்ளிகளை ஒரு கட்டம் போலப் பதித்துவிடும், அதில் பிரிண்டரின் அடையாளமும் அச்சடித்த தேதியும் குறியீடாக இருக்கும். மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது, நீல அலைவரிசையில் மட்டும் பார்த்தால் கறுப்பாக எழும்பி நிற்கும். அந்தக் குறியீட்டைப் படித்தபோது பல கார்டுகளில் வந்த வருடம் 2024.

இந்த விவகாரத்துக்குப் பிறகு, விலை கொஞ்சம் பெரிதாக இருந்தால், ஸ்லாபில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் அனுப்புமுன் விற்பவரிடம் முன்னும் பின்னும் 1200 டி.பி.ஐ.யில் ஒரு ஸ்கேன் கேட்கிறேன். செல்போன் படம் வேண்டாம், ஸ்கேன்தான். நேர்மையான விற்பனையாளருக்கு அது பத்து நிமிட வேலை, பெரும்பாலோர் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். முத்திரை இருக்கிறதே, அப்புறம் ஸ்கேன் எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் இதுவரை வாங்கவில்லை.